சேலத்தில் மனையியல் படிப்பு: ஃபீஸ் கட்டுமுன் தராசைப் பாருங்கள்

வாஷிங் மெஷின் வாங்கப் போனால் மூடியைத் திறந்து டிரம்முக்குள் கையை விட்டுப் பார்க்கிறோம். மூன்று வருடப் படிப்புக்குச் சேர்க்கப் போகும்போது மட்டும் முகப்புக் கட்டடத்தையும் கல்லூரி பஸ் எந்த வழியாக வரும் என்பதையும் கேட்டுவிட்டு ஃபீஸைக் கட்டிவிடுகிறோம். மனையியல் (ஹோம் சயின்ஸ்), ஊட்டச்சத்தியல் போன்ற படிப்புகளில் இந்தப் பழக்கம் ரொம்பவே இடிக்கும். இந்தப் படிப்பின் முக்கால் மதிப்பு செய்முறை வகுப்பில் இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை நடத்தும் இரண்டு கல்லூரிகளில், ஒன்றிலிருந்து வருபவர் மருத்துவமனைச் சமையற்கூடத்தை நடத்துவார். இன்னொன்றிலிருந்து வருபவர் சார்ட் பேப்பரில் காய்கறிப் படம் ஒட்டுவார். சேலம் வட்டாரத்தில் இப்போது கிடைக்கிற இந்தப் படிப்பை, கடையில் ஒரு பொருளைப் பார்ப்பது போல இங்கே திறந்து பார்க்கலாம்.

முதலில் பெயர். "மனையியல்" என்று பலகையில் எழுதிய துறை அரிதாகிவிட்டது. 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. இங்கே விண்ணப்பப் படிவங்களில் பார்ப்பதெல்லாம் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், ஃபுட் சயின்ஸ், காஸ்ட்யூம் டிசைன் என்று துண்டு துண்டான பெயர்கள். பழைய மனையியல் என்பது ஐந்து கிளை: உணவும் ஊட்டமும், துணியும் ஆடையும், மனித வளர்ச்சி, இல்ல வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி. கோயம்புத்தூரில் 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியபோது இருந்த சட்டகம் அதுதான். அமெரிக்காவில் இந்தத் துறையின் சங்கம் 1994-ல் "குடும்ப, நுகர்வோர் அறிவியல்" என்று பெயரை மாற்றிக்கொண்டது. இங்கே வேளாண் பல்கலைக்கழகங்கள் "சமுதாய அறிவியல்" என்கின்றன. மதுரையில் உள்ள வேளாண் பல்கலைக்கழக மனையியல் கல்லூரியும் அந்தப் பெயருக்கு மாறிவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. அரசு வேலை அறிவிக்கையில் தகுதிப் பத்தியை வார்த்தை வார்த்தையாகத்தான் ஒப்பிடுவார்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு மனையியல், ஊட்டச்சத்தியல் பட்டங்களுக்கு இடம் உண்டு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு 2011-ஆம் ஆண்டு விதிகள் சொல்லும் பட்டியலோ வேறு: உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை, உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வேதியியல் முதுகலை, மருத்துவம். மனையியல் என்ற சொல் அதில் இல்லை. "எங்க கோர்ஸ் முடிச்சா ஃபுட் இன்ஸ்பெக்டர் ஆகலாம்" என்று அட்மிஷன் மேசையில் சொன்னால், எந்த அறிவிக்கையில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால் சேருங்கள்.

இனி ஆய்வகம். ஊட்டச்சத்துப் பாடத்துக்குத் தராசுதான் எல்லாம். ஒரு கிராம் அளவுக்குக் காட்டும் ஐந்து கிலோ சமையலறைத் தராசு ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். அரிசி, பருப்பு, காய் நிறுக்க அது போதும். உப்புக்குப் போதாது. இரண்டு கிராம் என்று அது காட்டும்போது உண்மையில் தட்டில் ஒன்றரை முதல் இரண்டரை கிராம் வரை எதுவும் இருக்கலாம். ஒரு கிராம் உப்பில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம். அரை கிராம் பிசகினால் 200 மில்லிகிராம். நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் என்று கட்டுப்படுத்திய நோயாளிக்கு, ஒரு கூட்டிலேயே பத்தில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகிறது. ஆகவே 0.1 கிராம் காட்டும் சிறு தராசு தனியாக இருக்க வேண்டும். அது மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தால் காற்றிலேயே எண் ஆடும். பேட்டரி இறங்கினால் வெறும் தட்டிலேயே பூச்சியம் நகரும். அளவு உருளையில் 100 மில்லி தண்ணீர் பிடித்து நிறுத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு ஒன்று இரண்டு முன்பின் இருக்கலாம், ஐந்து ஆறு இருந்தால் அந்தத் தராசு அலங்காரப் பொருள்.

எத்தனை பேருக்கு ஒரு தராசு என்பதையும் கேட்க வேண்டும். நான்கு பேர் வரை தாங்கும். ஒரு வகுப்புக்கே ஒன்று என்றால் ஒருவர் நிறுக்க, மற்றவர்கள் எண்ணை நோட்டில் காப்பி அடிப்பார்கள். அங்கே செய்முறை நடக்கவில்லை, சொல்வதெழுதுதல் நடக்கிறது.

கப் கணக்கு இன்னொரு குழி. அமெரிக்கச் சமையல் குறிப்பில் கப் என்றால் 240 மில்லி. நம் எவர்சில்வர் டம்ளர் கடைக்குக் கடை மாறும். பாட்டி சொல்லும் ஆழாக்கு 168 மில்லிக்கு அருகில். கப்பை மில்லியாலும் பொருளைக் கிராமாலும் எழுதும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலேயே கற்றுத்தராத துறையில், மூன்றாம் வருடம் எழுதும் உணவுப் பட்டியல் எதையும் நம்ப முடியாது.

மாணவர் அதிகம் தவறுவது பச்சை எடைக்கும் வெந்த எடைக்கும் இடையில். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். உணவுச் சத்து அட்டவணையில் பச்சரிசிக்குக் கொடுத்திருப்பது 100 கிராமுக்குச் சுமார் 356 கிலோகலோரி. நோயாளி 150 கிராம் சோறு சாப்பிட்டார் என்றால் உள்ளே போனது 55 கிராம் அரிசி, அதாவது 195 கிலோகலோரி சொச்சம். சோற்றின் எடையையே அட்டவணை எண்ணால் பெருக்கினால் 534 வரும். சர்க்கரை நோயாளிக்கு இப்படிக் கணக்குப் போட்டு "சோறு ரொம்ப அதிகம்" என்று பாதியாக வெட்டினால், அவர் ராத்திரி பசியில் பிஸ்கட் டப்பாவைத் தேடுவார்.

அட்டவணையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உண்டு. ஆற்றல் கிலோஜூலில் இருக்கிறது. பழைய அட்டவணை கிலோகலோரியில் இருந்ததால், புதியதைப் பழைய பழக்கத்தில் படித்து அரிசிக்குரிய 1,491 என்ற எண்ணை அப்படியே எக்செலில் போட்டுவிடுகிறார்கள். அதை 4.184-ஆல் வகுக்க வேண்டும். ஒருவருக்கு நாளுக்கு எவ்வளவு சத்து வேண்டும் என்ற பரிந்துரை அளவுகளும் 2020-ல் மாறின. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதிரி ஆணின் எடை முன்பு 60 கிலோ, இப்போது 65. உடலுழைப்பு குறைந்த ஆணுக்கு 2,110 கிலோகலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1,660. பெண்ணுக்கான இரும்புச்சத்து 21 மில்லிகிராமிலிருந்து 29 ஆனது. ஒரு துறை விழித்திருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய வழி இல்லை: போன வருட மாணவியின் ரெக்கார்ட் நோட்டை வாங்கி மாதிரி ஆணின் எடை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 60 என்றால் சீனியர் நோட்டைத்தான் வருடா வருடம் பார்த்து எழுதுகிறார்கள்.

சேலத்தில் படிப்பதன் நல்ல பக்கம், பாடப் பொருள் தெருவிலேயே கிடப்பது. மரவள்ளியும் ஜவ்வரிசியும் வேறு எந்த ஊர் மாணவருக்கும் இவ்வளவு கிட்டத்தில் இல்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் வந்தது. மாவுச்சத்து பற்றிய செய்முறைக்கு இதைவிட நல்ல சரக்கு இல்லை: அயோடின் சொட்டினால் நீலம், சூடேற்றினால் மணி கண்ணாடியாகும் கட்டம், ஆறினால் இறுகும் கட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதே மணி ஊட்டச்சத்துப் பாடமும் நடத்தும். ஜவ்வரிசியில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதம் 100 கிராமில் ஒரு கிராம்கூடத் தேறாது. காய்ச்சல்காரருக்கு ஒரு வேளைக் கஞ்சி சரி. அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு மூன்று வேளையும் எழுதிக் கொடுப்பவர் டயட்டீஷியன் இல்லை. இந்த மணியை முன்னால் வைத்துக்கொண்டு பவர்பாயிண்டில் உருளைக்கிழங்கு மாவு பற்றிப் பாடம் நடத்தும் வகுப்பும் உண்டு, அது வேறு கதை.

பழப் பதப்படுத்தலில் மலை உதவுகிறது. சேர்வராயன் மலையில் கொய்யா, ஆரஞ்சு, பேரிக்காய். கீழே சேலத்து மாம்பழம். ஜாம் காய்ச்சும் செய்முறையில் புத்தகம் "105 டிகிரி வந்ததும் இறக்கு" என்கிறது. அது கடல் மட்டத்துக்கு எழுதியது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், தண்ணீர் 99 டிகிரி செல்சியஸுக்கு அருகில் கொதிக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், அங்கே 95. ஜாமின் பதம் என்பது அந்த இடத்துக் கொதிநிலைக்கு மேல் நாலைந்து டிகிரி. அப்படியானால் ஏற்காட்டில் 99, 100-லேயே இறக்க வேண்டும்; 105 வரை காத்திருந்தால் தண்ணீர் அளவுக்கு மீறி வற்றி, ஆறியபின் கரண்டி நிற்கும் ஜவ்வு மிட்டாய் கிடைக்கும். பருப்பு வேகத் தாமதமாவதும் இதே காரணத்தால்தான். வெப்பமானியை மட்டும் நம்பாமல், ஒரு சொட்டில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்க வேண்டும்: ஜாமுக்குக் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதம், 68-ல் இறக்கினால் பாதுகாப்பு. சொட்டை ஆறவிட்டு வைக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வைத்தால் அளவு குறைத்துக் காட்டும், இன்னும் காய்ச்சச் சொல்லும். இந்தக் கருவி கைக்கு அடக்கமானது, விலையும் அதிகமில்லை. அது இல்லாத பதப்படுத்தல் ஆய்வகம் வெறும் அடுப்படி.

தண்ணீர் கலந்து குடிக்கும் பழப்பாகான ஸ்குவாஷில் நடக்கும் பிழையும் இதே ரகம். கெடாமல் காக்கச் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைச் சூடான பாகில் கொட்டினால், அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு மூக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். பாட்டிலில் பத்தாம் நாள் நுரை தட்டும். நன்கு ஆறியபின், சிறிது தண்ணீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். கிலோவுக்கு 0.7 கிராம் போட்டால் கந்தக டை ஆக்சைடு 350 பி.பி.எம். (கிலோவுக்கு 350 மில்லிகிராம்) வரம்புக்கு அருகில் நிற்கும். மறுபடியும் அந்த 0.1 கிராம் தராசு! நாவல், கருப்புத் திராட்சை மாதிரி நிறமுள்ள பழத்துக்கு இது ஆகாது, சாயம் வெளுத்துவிடும். அங்கே சோடியம் பென்சோயேட் என்ற வேறு பதப்பொருள்.

கூட்டுச் சமையல் வகுப்பு நடக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது: விடுதி, மருத்துவமனை, கேண்டீன், சத்துணவு. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு மதிய உணவு விதிமுறை 450 கிலோகலோரி, 12 கிராம் புரதம். 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய் என்று போட்டால் அது கிட்டிவிடுகிறது. தமிழ்நாட்டில் முட்டை சேர்வதால் புரதம் இன்னும் ஆறு கிராம் ஏறும். நூறு பேருக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, அரை கிலோ எண்ணெய் என்று பெருக்கலாம். தண்ணீரைப் பெருக்கக்கூடாது. அகன்ற அண்டாவில், கொள்ளும் சரக்கோடு பார்த்தால் ஆவியாவது குறைவு. வீட்டுக் கணக்கை நூறால் பெருக்கினால் சாதம் களியாகும். மிளகாயும் அப்படித்தான், முதலில் முக்கால் பங்கு போட்டுச் சுவை பார்த்துக் கூட்ட வேண்டும். அரசு மருத்துவமனை அளவுச் சமையலை ஒரு தடவைகூடக் கையால் தொடாமல் பட்டம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

துணிப் பாடத்தில் சேலத்தை அடிக்க ஆள் இல்லை. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டித் தறிகளில் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) நேரில் பார்க்கலாம். இளம்பிள்ளைச் சேலைகள் பஸ் ஏறினால் வரும் தூரம். 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் இந்த ஊரில்தான். துணி பற்றியே படிக்க வேண்டும் என்பவர்கள் அங்கே உள்ள பட்டயப் படிப்பை முதலில் விசாரித்துவிட்டு மனையியல் பக்கம் வரலாம். பொதுத் துறையில் எதிர்பார்க்க வேண்டிய குறைந்தபட்சம்: இழை எண்ணும் கண்ணாடி, 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர், எரித்துப் பார்க்கும் சோதனை. கட்டரில் வெட்டிய வட்டத்தின் எடையை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை. பட்டு எரிந்தால் முடி கருகும் வாசம், நசுக்கினால் பொடியாகும் கரி. பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, நகத்தால் உடையாத கறுப்பு மணியாகும். கலப்பு நூலில் இந்தச் சோதனை குழப்பும். பாவையும் ஊடையையும் தனித்தனியே பிரித்து எரித்தால்தான் தெளிவு கிடைக்கும்.

குழந்தை வளர்ச்சிப் பாடத்துக்கு அங்கன்வாடி போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறைவு. நாடாவைத் தசை அமுங்க இறுக்கும் மாணவி எல்லாக் குழந்தையையும் நோயாளி ஆக்கிவிடுவார். இதை நூறு கையில் அளந்து பழகினால்தான் விரல் சரியாகும். இல்ல வள மேலாண்மைப் பாடம் பெரும்பாலான இடங்களில் பூச்செண்டு அடுக்குவதாகவும் கோலமாகவும் சுருங்கிவிட்டது. நட்சத்திரக் குறியீடு, ஹால்மார்க், அக்மார்க், நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதுவது எல்லாம் அதில்தான் வர வேண்டும். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமே இல்லை என்பதைக்கூடச் சொல்லித்தராமல் "நுகர்வோர் கல்வி" நடத்துகிறார்கள். கொலுசுக்குப் பேர்போன ஊரில் வெள்ளி வாங்கும்போது ரசீதில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு வகுப்பு எடுத்தால் என்ன குறைந்துபோகும்?

வேலை விஷயத்தில் கல்லூரி விளம்பரங்கள் பூசி மெழுகும். மருத்துவமனையில் டயட்டீஷியன் ஆக இளநிலைப் பட்டம் மட்டும் பத்தாது. மேற்படிப்பும், மருத்துவமனையில் செய்த பயிற்சிக்கான சான்றும் கேட்பார்கள். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் ஊட்டச்சத்துத் தொழிலும் வந்துவிட்டதால், இனிப் பதிவு இல்லாமல் பலகை மாட்டுவது சிரமமாகும். இதன் தொடர்ச்சியாக 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து ஊட்டச்சத்துப் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. "வீட்டிலிருந்தே டயட்டெடிக்ஸ் டிகிரி" என்று இனி யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஜிம்மில் எல்லோருக்கும் ஒரே புரதப் பவுடர் பட்டியலை எழுதித் தரும் வேலைக்கு இந்தப் படிப்பே தேவையில்லை. அதை வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்க்கும் கல்லூரியைச் சந்தேகப்படுங்கள்.

பள்ளி ஆசிரியர் வழிக்கு வருபவர் முதுகலை, பி.எட். முடிக்க வேண்டும்; கல்லூரி ஆசிரியருக்கான யுஜிசி நெட் தகுதித் தேர்வில் மனையியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வு ஐந்து கிளையையும் கேட்கும். டயட்டெடிக்ஸ் மட்டும் படித்தவர் துணி, வள மேலாண்மைப் பகுதிகளைத் தனியாகப் படித்தாக வேண்டும். உள்ளூரில் உடனே கிடைப்பது மாவு, மசாலா, ஜவ்வரிசி ஆலைகளில் தரப் பரிசோதனை, ஏற்காட்டு விடுதிகளில் உணவுப் பிரிவு, விடுதி மெஸ் மேற்பார்வை, மழலையர் பள்ளி. ஆலை வேலைக்குப் போகிறவருக்கு ஈரப்பதம், சாம்பல், அமிலத்தன்மை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஈரத்தை உலர்த்திப் பார்க்கும் ஹாட் ஏர் ஓவனும், எரித்துச் சாம்பலாக்கும் மஃபிள் ஃபர்னஸும் துறையில் இருந்தால் மட்டும் அது வரும். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி, மேலே ரிப்பனோடு இருக்கும் ஃபர்னஸைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

யாருக்கு ஒத்துவரும்? வேதியியல், உயிரியல் பிடிக்கும், நிற்க அலுப்பில்லை, கணக்கில் பயமில்லை என்றால் தாராளமாகச் சேரலாம். "பெண் பிள்ளை, வீட்டுக்கு உதவும்" என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்த்தால் இரண்டாம் செமஸ்டர் உயிர்வேதியியலில் அரியர் விழும். பையன்கள் சேரும் கல்லூரி இந்த வட்டாரத்தில் குறைவு, ஆனால் கூட்டுச் சமையல், ஆலைத் தரக்கட்டுப்பாடு இரண்டிலும் அவர்களுக்கு வேலை உண்டு; இருபாலர் கல்லூரிகளில் ஃபுட் சயின்ஸ் என்ற பெயரில் தேடிப் பாருங்கள்.

ஃபீஸ் தவிர வெளியே தெரியாத செலவும் உண்டு. வெள்ளைக் கோட்டு, ரெக்கார்ட் நோட்டுகள், தையல் சாமான், வாராவாரம் செய்முறைக்குக் கொண்டுவரச் சொல்லும் மளிகை. சரக்கைக் கல்லூரி தருகிறதா, மாணவி கொண்டுவர வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாணவியே வாங்குவதென்றால் நாலு பேர் சேர்ந்து செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக வாங்கிப் பங்கிடுவது கட்டுப்படியாகும்.

பார்க்கப் போகிறவர்கள் காலையில் முதல்வர் அறைக்குப் போகாமல், செய்முறை வகுப்பு நடக்கும் மதியத்தில் போங்கள். அடுப்பு எரிகிறதா, கேஸ் குழாயில் தேதி தாண்டியிருக்கிறதா, கழுவும் தொட்டியில் தண்ணீர் வருகிறதா, தீயணைப்பான் எந்த வருடத்தில் நிரப்பியது என்று பாருங்கள். பிறகு தராசை ஆன் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி இல்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றால், அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறலாம்.